கோட்டேயில் இடிபாடு தேடுகிறவர்கள் முதலில் தண்ணீரைப் பாருங்கள்

கேள்வி இதுதான்: டிசம்பர் லீவுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து குடும்பமாக வருகிறீர்கள், வெள்ளவத்தையில் உறவினர் வீட்டில் நிற்பீர்கள். அப்பா ஓய்வு பெற்ற ஆசிரியர், சரித்திரம் என்றால் உயிர். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் ஓடித் திரிய இடம் வேண்டும். தண்ணீர்க் கரையோரமாக ஒரு பூங்கா, அதிலேயே பழைய கோட்டை இடிபாடும் இருக்கிறது என்று யாரோ சொன்னார்களாம், அது கொழும்புக்குப் பக்கத்துக் கோட்டேயில் இருக்கிற பெத்தகான ஈரநிலப் பூங்காதானா, ஒரு நாளைச் செலவழிக்கத் தகுமா?

தகும். ஆனால் அனுராதபுரத்தையோ பொலன்னறுவையையோ மனதில் வைத்துக்கொண்டு போனால் அரை மணித்தியாலத்தில் அப்பா "இவ்வளவுதானா?" என்று கேட்பார், அதற்கு உங்களிடம் பதில் இருக்காது. கோட்டேயில் தூண் வரிசை இல்லை, சந்திரவட்டக்கல் வைத்த அரண்மனை வாசல் இல்லை. இருப்பது ஒரு மதில் துண்டு இங்கே, அகழித் துண்டு அங்கே, வீடுகளுக்கும் பாடசாலை மதில்களுக்கும் நடுவில் ஒரு மேடு. இவை ஒரே வேலிக்குள் இல்லை, ஒரே டிக்கெட்டில் பார்க்கவும் முடியாது. பெத்தகான பூங்கா ஓரிடம், மதில் வேறிடம், தியத்த உயன என்று சனம் பின்னேரங்களில் போய்க் குவிகிற பூங்கா இன்னோரிடம். இவை எல்லாவற்றையும் இணைக்கிறது தியவன்னா ஓயா என்ற ஆறும் அதைச் சுற்றியிருக்கிற சதுப்பும்தான், அங்கே பார்க்க வேண்டிய முதல் தொல்பொருளும் அதுவேதான் என்பது என் கருத்து. இதை மட்டும் அப்பாவுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டீர்கள் என்றால் மீதியை அவரே உங்களுக்குச் சொல்லித் தருவார்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், கூகுள் வரைபடத்தை எடுத்துக் கோட்டேயைப் பாருங்கள். வடக்கு நோக்கி நீட்டிய நாக்கு மாதிரி ஒரு மேட்டு நிலம். அதன் மூன்று பக்கமும் ஓயாவும் சேற்று நிலமும். தெற்கில் மட்டும் ஒரு ஒடுங்கிய கழுத்து, அதுதான் காய்ந்த நிலத்தால் உள்ளே வர இருந்த ஒரே வழி. 14ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கம்பளை அரசின் அமைச்சராக இருந்த அழகக்கோனார் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே அதுதான். அப்போது இதற்குத் தாருகம என்று பெயர். மூன்று பக்கமும் இயற்கையே காவல் காக்கிறது, சேற்றில் யானையும் நகராது, குதிரையும் நகராது, கவசம் போட்ட ஆளும் நகர மாட்டான். ஆகவே தெற்குக் கழுத்தை வெட்டி அகழி தோண்டி, உள்ளே மதிலை எழுப்பினால் போதும், செலவு பாதிக்குப் பாதி மிச்சம். இன்றைக்கும் அந்தக் கழுத்துக்கு வெளியே இருக்கிற பகுதிக்குப் பிட்ட கோட்டே என்றும் உள்ளே இருக்கிற பகுதிக்கு எத்துல் கோட்டே என்றும்தான் பெயர், வெளிக்கோட்டை, உள்கோட்டை. பஸ் பலகையில் அந்தப் பெயர்களை வாசித்துக்கொண்டே வந்தால் எந்த இடத்தில் மதிலைக் கடக்கிறீர்கள் என்று கண்டுபிடித்துவிடலாம்.

யாருக்கு எதிராக இவ்வளவு ஏற்பாடு என்று பிள்ளைகள் கேட்பார்கள். பதில்: உங்கள் ஊர்க்காரருக்கு எதிராகத்தான். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளின் கை மேற்குக் கரை வழியே கொழும்பு வரை நீண்டிருந்தது, துறைமுகங்களில் அவர்களுடைய வரி வசூலிப்பவர்கள் இருந்தார்கள். அழகக்கோனார் கோட்டையைக் கட்டி, தானியம் சேர்த்து வைத்துக்கொண்டு, அந்த வரிக்காரர்களைத் தீர்த்துக்கட்டினார் என்று சிங்கள வரலாற்று நூல்கள் சொல்கின்றன. உடனே வடக்கிலிருந்து தரை வழியாகவும் கடல் வழியாகவும் படை வந்தது, வெல்லவில்லை. வெற்றியை முன்னிட்டு ஜயவர்தனபுர என்று பெயர் வந்தது என்பார்கள். இதில் சுவாரசியம் என்னவென்றால் அந்த அழகக்கோனார் குடும்பமே தென்னிந்தியாவிலிருந்து, பெரும்பாலும் சேர நாட்டு வஞ்சியிலிருந்து வந்து குடியேறி இங்கே கலந்துபோன குடும்பம். பெயரைப் பார்த்தாலே தெரியும். சிங்களத்தில் அலகேஸ்வர என்று ஆகிவிட்டது. சிங்களம் ஒரு பக்கம் தமிழ் ஒரு பக்கம் என்று கோடு போட்டு வைத்திருக்கிற நம்முடைய இப்போதைய மூளைக்கு அந்தக் காலத்து ஆட்கள் சரியாக அடங்குவதில்லை.

அப்புறம் சீனர் கதை. 1411 வாக்கில் செங் ஹே என்ற சீனக் கடற்படைத் தளபதி இந்தக் கோட்டைக்குள் புகுந்து, அப்போது ஆண்டுகொண்டிருந்த வீர அலகேஸ்வரனைப் பிடித்துக் கப்பலில் ஏற்றி நாங்ஜிங் வரை கொண்டுபோனார். பேரரசர் பிறகு விடுவித்து அனுப்பினார் என்றாலும் அந்தக் குடும்பத்தின் ஆட்டம் அத்தோடு முடிந்தது. அதே செங் ஹே கொண்டுவந்த கல்வெட்டு ஒன்று, 1409ஆம் ஆண்டு தேதியிட்டது, 1911 இல் காலியில் கிடைத்தது. சீனம், பாரசீகம், தமிழ் மூன்றிலும் வெட்டியிருக்கிறது. தமிழ்ப் பகுதி தெவிநுவரையில் இருந்த தென்னாவரை நாயனார் என்ற தெய்வத்துக்குச் செலுத்திய காணிக்கைகளைச் சொல்கிறது. அது இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கோட்டேயில் கண்ணுக்கு அகப்படாத பாதிக் கதை அந்தக் கல்லில் இருக்கிறது, அதனால் அப்பாவை அங்கேயும் கூட்டிக்கொண்டு போங்கள். அருகிலேயே விகாரமகாதேவி பூங்கா, பிள்ளைகளை அங்கே ஓடவிட்டுவிட்டு ஒருவர் காவலுக்கு நிற்க மற்றவர் அப்பாவோடு உள்ளே போகலாம்.

செங் ஹேக்குப் பிறகுதான் கோட்டேயின் பொற்காலம், ஆறாம் பராக்கிரமபாகு. 1467 வரை அரை நூற்றாண்டுக்கும் மேலே ஆண்டவர், முழு இலங்கையையும் ஒரு குடையின் கீழ் கொண்டுவந்த கடைசி உள்நாட்டு அரசர். புத்தரின் புனித தந்தத்துக்கு மூன்று மாடியில் ஒரு மாளிகை கட்டினார் என்கிறார்கள், அதில் இப்போது எதுவும் நிற்கவில்லை. யாழ்ப்பாணத்துக்காரருக்கு இவருடைய ஆட்சியில் வரும் முக்கியமான ஆள் இவரல்ல, இவர் வளர்த்த சப்புமல் குமாரயா, நம் நூல்களில் செண்பகப் பெருமாள். 1450 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தது அவர்தான். பிடித்தவர் நல்லூரிலிருந்து ஆண்டார், பிறகு தகப்பன் ஸ்தானத்தில் இருந்த அரசர் போனதும் இங்கே திரும்பிவந்து ஆறாம் புவனேகபாகு என்று முடி சூடினார். நல்லூர்க் கந்தசாமி கோயிலில் இன்றைக்கும் கட்டியம் சொல்லும்போது ஸ்ரீ சங்கபோதி புவனேகபாகு என்ற பெயர் வருகிறதே, அதை அப்பா எத்தனையோ திருவிழாவில் கேட்டிருப்பார். அந்தப் பெயரைச் சூடிய ஆள் இந்தச் சதுப்பைக் கடந்துதான் படையோடு வடக்கே போனார் என்று சொல்லிப் பாருங்கள், கால் வலியை மறந்து நடப்பார். (கட்டியத்தில் வருகிற புவனேகபாகு யார், கோயிலை முதலில் கட்டியது யார் என்று நம்மவர்கள் இன்னும் சண்டை பிடிக்கிறார்கள், நான் அதற்குள் போகவில்லை.)

போர்த்துக்கேயர் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. 1505 இல் வந்து இறங்கியவர்களைக் கொழும்பிலிருந்து நேரே கூட்டிவராமல் மேடு பள்ளமெல்லாம் சுற்றி மூன்று நாள் நடக்கவைத்துக் கோட்டேக்குக் கொண்டுவந்தார்களாம், தலைநகர் வெகு தூரத்தில் இருக்கிறது என்று அவர்கள் நம்ப வேண்டும் என்பதற்காக. உண்மையில் அது பத்து கிலோமீட்டருக்கு உள்ளே. துறையில் நின்ற கப்பலில் சுட்ட பீரங்கிச் சத்தம் காதில் விழுந்ததில் ஏமாற்று வெளிப்பட்டுவிட்டது என்பது கதை. "பறங்கி கோட்டேக்குப் போனது போல" என்று சிங்களவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள், சுற்றி வளைத்துப் போகிறவனைப் பார்த்து. காலை எட்டு மணிக்கு ராஜகிரிய சந்தியில் ட்ராஃபிக்கில் மாட்டினால் அந்தக் கதையில் பாதி உண்மைதான் என்று தோன்றும். 1521 இல் மூன்று இளவரசர்கள் தகப்பனைக் கொன்று நாட்டைப் பங்கு போட்டார்கள், கோட்டே, சீதாவாக்கை, ரைகம. சீதாவாக்கையிலிருந்து மாயாதுன்னையும் மகன் ராஜசிங்கனும் திரும்பத் திரும்ப முற்றுகையிட்டார்கள். கடைசியில் 1565 இல் போர்த்துக்கேயர் தங்கள் கையில் இருந்த அரசர் தர்மபாலாவைக் கொழும்புக் கோட்டைக்குள் கூட்டிக்கொண்டு போய்விட்டு, இந்த நகரத்தைக் கைவிட்டார்கள்.

கைவிட்ட நகரத்துக்கு என்ன நடந்தது என்பதில்தான் உங்கள் கேள்விக்கு நேரான பதில் இருக்கிறது. கோட்டே மதில்கள் செம்பூராங்கல், இங்கே கபுக் என்பார்கள். மண்ணுக்குள் இருக்கும்போது மெதுவாக இருக்கும், கோடரியால் செதுக்கி எடுக்கலாம், வெளியே காற்றுப் பட்டால் இறுகிவிடும். கட்டுவதற்கு அருமையான கல், அதனாலேயே திருடுவதற்கும் அருமையான கல். யாரும் இல்லாத நகரத்தில் அளவாக வெட்டி இறுகிப்போன கல் சும்மா கிடந்தால் யார் விடுவார்கள்? போர்த்துக்கேயர் கொஞ்சம், பிறகு வந்தவர்கள் கொஞ்சம், ஊர்ச் சனம் மீதி. நூற்றாண்டுக் கணக்கில் வீட்டு அத்திவாரத்துக்கும் கிணற்றுக் கட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. அப்புறம் கொழும்பு வளர்ந்தது, காணி விலை ஏறியது, துண்டு துண்டாக வீடு வந்தது. ஆகவே இன்றைக்கு மதிலைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் ஒரு ஒழுங்கைக்குள் நுழைந்து, ஒரு பக்கம் யாரோ வீட்டுக் கேற், மறு பக்கம் புல் முளைத்த செம்மண் கட்டு, நடுவில் தொல்பொருள் திணைக்களத்தின் பலகை, இப்படித்தான் இருக்கும்.

மதில் பார்க்க நல்ல இடம் ரம்பார்ட் வீதிப் பக்கம். அதோடு பிட்ட கோட்டேச் சந்தியில் கல் அம்பலம் என்ற பழைய வழிப்போக்கர் மடம், ஒரு நிமிடம் நிற்கலாம். அகழி இருந்த இடம் சில இடங்களில் இப்போதும் பள்ளமாகத் தெரியும், மழைக்குப் பிறகு தண்ணீர் நிற்கும். அலகேஸ்வர மாளிகை இருந்த இடம் என்று ஒரு தொல்பொருள் மேடும் இருக்கிறது, அத்திவாரம் மட்டும்தான், எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு போங்கள். பெத்தகானயில் வெஹெரகந்த என்ற மேட்டில் கோட்டே காலத்து இரண்டு தாதுகோபங்களின் அடிப்பகுதி இருக்கிறது, எனக்குப் பிடித்தது அதுதான், மரநிழலும் அமைதியும் இருக்கும், சதுப்பு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதும் அங்கே நின்றால் விளங்கும். எத்துல் கோட்டேயில் ஈ. டபிள்யூ. பெரேராவின் பெயரில் ஒரு சின்ன தொல்பொருள் அருங்காட்சியகமும் உண்டு. இந்தப் பெரேரா யாரென்று அப்பாவிடம் கேளுங்கள். 1915 சிங்கள-முஸ்லிம் கலவரத்தின்போது ஆங்கிலேயர் இராணுவச் சட்டத்தின் கீழ் செய்த அநியாயங்களை லண்டன் வரை கொண்டுபோனவர், அத்தாட்சிக் கடிதத்தைச் சப்பாத்துக்குள் ஒளித்துக்கொண்டு போனார் என்று சொல்லப்படுகிறவர். அதே விஷயத்துக்காக சேர் பொன்னம்பலம் இராமநாதனும் லண்டன் போய் வாதாடினார், திரும்பி வந்தபோது சிங்களத் தலைவர்களே அவரை வண்டியில் வைத்து இழுத்தார்கள். இந்த இடங்களில் தமிழில் விளக்கம் கிடைப்பது குறைவு, அதனால்தான் இதையெல்லாம் இங்கேயே நீட்டி எழுதுகிறேன்.

சரி, பூங்காவுக்கு வருவோம்.

பெத்தகான ஈரநிலப் பூங்கா 2016 இல் திறந்தது, 18 ஹெக்டேயர் அளவு. உலக வங்கி உதவியோடு நடந்த பெருநகரக் கொழும்பு அபிவிருத்தித் திட்டத்தின் ஒரு பகுதி அது. உள்ளே சதுப்புக்கு மேலாகப் பலகை நடைபாதை போகிறது, பறவை பார்க்கிற மறைவிடங்களும் ஒரு கோபுரமும் உண்டு. அகலமான புல்வெளி, ஊஞ்சல், ஐஸ்கிறீம் என்று பிள்ளைகளிடம் ஆசை காட்டாதீர்கள், அது அந்த மாதிரிப் பூங்கா இல்லை. சத்தம் போடாமல் மெதுவாக நடந்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஏதாவது இருக்கும். நீலத் தாழைக்கோழி கட்டாயம், கானாங்கோழி கட்டாயம், நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டு நிற்கும், கூழைக்கடா சில நாள் வரும். டிசம்பர் என்பதால் வலசைப் பறவைகளும் வந்திருக்கும், கம்பியில் வரிசையாக நீலவால் பஞ்சுருட்டான் உட்கார்ந்திருந்தால் பிள்ளைகளுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும். கபரகொய்யா என்கிற பெரிய நீர் உடும்பு நடைபாதைக்குக் குறுக்கே போகும், பயப்படத் தேவையில்லை, வழி விட்டால் போதும். முதலை விஷயம் விளையாட்டில்லை, தியவன்னாவில் முதலை உண்டு, ஆகவே எந்தக் கரையிலும் பிள்ளைகளைத் தண்ணீரில் கால் நனைக்க விடாதீர்கள். மீன்பிடிப் பூனையும் இந்தச் சதுப்பில் வாழ்கிறது, கொழும்பு மாதிரி ஒரு நகரத்துக்குள் அது உயிரோடு இருப்பதே அதிசயம், ஆனால் இரவில்தான் நடமாடும், பார்க்கக் கிடைக்காது. இந்தப் பகுதி 1985 முதல் ஸ்ரீ ஜயவர்தனபுர சரணாலயமாகப் பாதுகாக்கப்பட்ட நிலத்தோடு சேர்ந்தது.

நடந்து போகும்போது கரையோரத்தில் அடர்த்தியாக, பளபளப்பான இலையோடு ஒரு மரம் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். சிங்களத்தில் வெல் ஆத்தா என்பார்கள், நம் அன்னமுன்னாவுக்கு உறவு, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம். பச்சைப்பசேல் என்று இருப்பதால் ஆகா என்று படம் எடுப்போம், ஆனால் கொழும்புச் சதுப்புகளைத் தின்றுகொண்டிருப்பது அதுதான், ஒரு முறை வேர் பிடித்தால் நாணல், புல், திறந்த தண்ணீர் எல்லாவற்றையும் மூடி ஒரே காடாக்கிவிடும். தண்ணீரில் மிதக்கிற ஜப்பான் ஜபராவும், அதாவது ஆகாயத்தாமரையும், அப்படித்தான். பூங்காவைப் பராமரிப்பதில் பெரும் வேலையே இவற்றை அகற்றிக்கொண்டே இருப்பதுதான்.

இங்கே இன்னொரு விஷயம், பலர் தலைகீழாகப் புரிந்து வைத்திருப்பது. பாராளுமன்றத்தைச் சுற்றி விரிந்து கிடக்கிற அந்த அழகான ஏரியைப் பார்த்ததும் "அந்தக் காலத்து அரசர் குளம்" என்று எல்லோரும் சொல்வார்கள். இல்லை. ஜே. ஆர். ஜயவர்தன காலத்தில் பாராளுமன்றத்தை இங்கே கொண்டுவர முடிவெடுத்தபோது, கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா சதுப்பைத் தோண்டித் தண்ணீரைத் தேக்கி, நடுவில் ஒரு தீவில் மண்டபங்கள் நிற்கிற மாதிரித் திட்டம் போட்டார். 1982 ஏப்ரலில் திறந்தார்கள். ஆகவே பார்க்கப் பழசாகத் தெரிகிற ஏரிக்கு வயது நாற்பது சொச்சம். பார்க்கக் குப்பை நிலம் மாதிரித் தெரிகிற சேறும் நாணலும்தான் அறுநூறு வருடத்துக்கு மேலே பழசு, அழகக்கோனார் பார்த்தது அதைத்தான், ராஜசிங்கனின் ஆட்கள் கால் புதைய நின்றதும் அதில்தான். பெத்தகானயில் பலகைப் பாதையில் நின்று கீழே பார்க்கும்போது நீங்கள் பார்ப்பது கோட்டையின் வெளி மதிலை. அங்கே இன்னும் கொஞ்சம் சதுப்பு மிஞ்சியிருக்கிறது. மற்ற இடங்களில் மண் போட்டு நிரப்பி வீடு எழும்பிவிட்டது. ஒரு கபுக் மதிலை இடித்தால் வழக்குப் போடுவார்கள், பேப்பரில் வரும். அதே கோட்டையின் சதுப்பை லொறி மண் கொட்டி மூடினால் அபிவிருத்தி என்பார்கள். எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்கவில்லை.

அந்தக் கோபத்துக்குப் பழைய கதை மட்டும் காரணமில்லை. கொழும்பில் கொட்டுகிற வெள்ளநீரில் ஏறத்தாழ 40 வீதத்தை இந்த ஈரநிலங்கள் பிடித்து வைத்துக்கொள்கின்றன என்று பெத்தகான பூங்காவை உருவாக்கிய அந்த அபிவிருத்தித் திட்டத்துக்காகச் செய்த ஆய்வுகள் கணக்கிட்டன. மழை கொட்டும்போது தண்ணீர் இங்கே தங்கி நின்று, பிறகு மெதுவாக ஒரு பக்கம் களனி கங்கைக்கும் மறு பக்கம் கிருலப்பனைக் கால்வாய் வழியாக வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் கடலுக்கும் போகிறது. நீங்கள் நிற்கப் போகிற வெள்ளவத்தையில், காலி வீதிப் பாலத்துக்குக் கீழே மணக்கிறதே ஒரு கால்வாய், மூக்கைப் பொத்திக்கொண்டு எல்லோரும் கடக்கிறது, அது இந்தப் படுகையின் வடிகால்தான். 2010 நவம்பரில் ஒரே இரவு மழையில் பாராளுமன்றத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. சதுப்புக்கு நடுவில் கட்டிய கட்டடத்துக்குள் தண்ணீர் வந்ததில் ஆச்சரியம் இல்லை, சதுப்பு சுருங்கச் சுருங்க அது அடிக்கடி வரும் என்பதுதான் கவலை. 2018 இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்று அங்கீகாரம் பெற்ற முதல் 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். பட்டத்தை வாங்கிய பிறகும் நிரப்புகிறவர்கள் நிரப்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பிள்ளைகளுக்கு ஓட இடம் கேட்டீர்கள், அதற்குத் தியத்த உயன. பத்தரமுல்லைப் பக்கம், பொல்துவ சந்திக்கு அருகே, ஏரிக்கரையிலேயே. நல்ல நடைபாதை, சாப்பாட்டுக் கடைகள், அலங்கார மீன், செடி விற்கிற கடைகள், பின்னேரம் ஆனால் சனக்கூட்டம். சரித்திரம் ஒன்றும் கிடையாது, இருக்கிற மாதிரி நடிக்கவும் இல்லை, அதனால் எனக்கு அந்த இடத்தில் குறையும் இல்லை. சிங்களக் குடும்பம், முஸ்லிம் குடும்பம், தமிழ்க் குடும்பம் எல்லாம் பாய் விரிக்காத குறையாக உட்கார்ந்திருக்கும், யாரும் யாரையும் என்ன ஏது என்று கேட்பதில்லை. பாராளுமன்றப் பக்கம் ஏரியைச் சுற்றி நடைப்பயிற்சிப் பாதைகளும் இருக்கின்றன, விடிய எழும்புகிற பழக்கம் அப்பாவுக்கு இருந்தால் அங்கே நடக்கலாம், வெயில் ஏறுமுன் காற்று நன்றாக இருக்கும். பாதுகாப்பு வலயம் என்பதால் சில நாட்களில் சில பாதைகளை மூடுவார்கள், பொலிஸ்காரர் போகாதே என்றால் தர்க்கிக்காமல் திரும்பிவிடுங்கள்.

நேரம் எப்படிப் பிரிப்பது என்றால், பெத்தகான காலையில் முதல் வேலை. ஏழு மணிக்கு முன்னால் அங்கே நிற்கப் பாருங்கள், ஒன்பதரைக்குப் பிறகு பறவையும் இல்லை, நிழலும் இல்லை. நுளம்பு உண்டு, டெங்கு காலம் வேறு, முழுக்கை உடுப்பும் நுளம்பு எண்ணெயும் கட்டாயம். உள்ளே கடை எதையும் நம்பாமல் தண்ணீர்ப் போத்தல் எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளவத்தையிலிருந்து தூரம் அதிகமில்லை, அந்த நேரத்தில் வீதியும் வெறிச்சென்று இருக்கும், பிக்மீயில் ஒரு கார் அல்லது ஆட்டோ பிடித்தால் போய்விடலாம். பூங்காவில் இருந்து வெளியே வந்ததும் வெஹெரகந்த, பிறகு ரம்பார்ட் வீதி, இரண்டையும் பத்து மணிக்குள் முடிக்கலாம், அதற்கு மேல் வெயிலில் அப்பாவை நிறுத்தி வைக்காதீர்கள். அதே ஆட்டோவை மறித்து வைத்துக்கொள்வது நல்லது, இந்த இடங்களுக்கு நடுவே நடந்து போகிற மாதிரி ஒழுங்கான பாதை இல்லை, சில ஒழுங்கைகளில் நடைபாதையே இல்லை. மதியம் சாப்பிட்டு ஓய்வு. பின்னேரம் நாலரைக்குத் தியத்த உயன. டிசம்பரில் பின்னேர மழை இன்னும் முற்றாக விட்டிருக்காது, குடை வேண்டும்.

தேசிய அருங்காட்சியகத்தை இதே நாளில் செருகப் பார்க்காதீர்கள், அதற்கு வேறொரு காலை. போகுமுன் அன்றைக்குத் திறந்திருக்கிறதா என்று போன் பண்ணிக் கேளுங்கள், டிசம்பரில் போயா தினமும் நத்தாரும் வரும். கோட்டே அருங்காட்சியகத்துக்கும் அதே கதைதான், சும்மா போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் நிறையப் பேர்.

அப்பாவுக்கு முழங்கால் பிரச்சினை என்றால் வெஹெரகந்தையை விடலாம், மேடு ஏற வேண்டும். பெத்தகானயின் பலகைப் பாதை சமதரை, அவர் தாராளமாக நடப்பார், ஆனால் மழை பெய்த காலையில் பலகை வழுக்கும், செருப்போடு வராமல் பிடிமானம் உள்ள சப்பாத்துப் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள்.